புதிய வண்டியில் பழைய கால்

பழைய பைக் நல்லதா, புதிய பைக் நல்லதா என்று என்னிடம் கேட்பவர்களுக்குக் குறைவே இல்லை. நான் வேலை பார்த்த பட்டறையில் இப்போது ஸ்பேனர் பிடிப்பவர்கள் காப்பிக்கடையில் என்னைப் பார்த்துவிட்டால் விடமாட்டார்கள். பார்க்கப் பழசு மாதிரியும் உள்ளே புத்தம் புதுசாகவும் செய்த வண்டிகள் நிறைய வந்துவிட்டனவாம். "அண்ணே, நீங்க ரெண்டையும் ஓட்டியிருக்கீங்க. எது பெஸ்ட்டு, சொல்லுங்க லா" என்பார்கள். நான் தே தாரேக் டீயைக் குடித்து முடித்துவிட்டு, கனகசபை சாருக்கு நடந்ததைச் சொல்வேன். கேட்டவர்கள் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

என் பெயர் ராயப்பன். தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் மரம் சீவிய குடும்பம். எழுபதுகளின் தொடக்கத்தில் ஃபெரி ஏறிப் பினாங்குக்கு வந்து, டத்தோ கெராமாட் சாலையில் ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் கடையின் பட்டறையில் வண்டி கழுவச் சேர்ந்தேன். கழுவினேன், டயர் மாற்றினேன், செயினுக்குக் கிரீஸ் பூசினேன், வேண்டிய மட்டும் திட்டு வாங்கினேன். பிறகு ஒரு நாள் ஃபோர்மேன் ஒரு வண்டிச் சாவியை என் பக்கம் வீசி, ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அதிலிருந்து ஓய்வு பெறும்வரை அதுதான் என் தொழில். சரிசெய்த வண்டியை, உரியவரிடம் கொடுப்பதற்கு முன், நான் ஓட்டிப் பார்த்து "சரி" சொல்ல வேண்டும். சும்மா ஊர் சுற்றுவதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் என்று என் மனைவி சொந்தக்காரர்களிடம் சொல்வாள். அதில் பெருமை பாதி, எரிச்சல் பாதி.

ஃபோர்மேன் பெயர் லெக். சீனர்தான், ஆனால் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகன். தமிழ்ப் பிள்ளைகளோடு உருண்டு புரண்டு வளர்ந்தவர். அவர் தமிழில் திட்டினால் என் சொந்தச் சித்தப்பா திட்டுவதுபோல் உறைக்கும்.

அவருடைய முறை இது. புறப்படும் முன் டயரை அழுத்திப் பார்க்க வேண்டும், ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்ப வேண்டும், இரண்டு பிரேக்கையும் பிடித்து விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கிரீன் லேன் வழியாகக் கெலுகோர் வரை போய், ஜெலுத்தோங் வழியாகத் திரும்ப வேண்டும். மேடு, வளைவு, சந்தை நெரிசல், எல்லாம் அந்தப் பாதையில் உண்டு. திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் நான் வாயைத் திறக்கக் கூடாது. அவர் குனிந்து இன்ஜினுக்குக் காது கொடுப்பார். சக்கரத்தின் நடுவே உள்ளங்கையைக் காட்டிச் சூடு பார்ப்பார். அதன் பிறகுதான் "ம், இப்ப சொல்லு" என்பார். நான் சொல்வதும் அவர் கண்டதும் ஒத்துப் போகாவிட்டால் மறுபடி கெலுகோர்தான். வண்டி வீட்டுக்குப் போகும்போதும் சாலையோரம் வந்து நிற்பார். முதல் சந்திப்பில் பிரேக் விளக்கு சிவப்பாக எரிவதைக் கண்ணால் பார்த்த பிறகே உள்ளே வருவார். மழை பெய்தாலும் நிற்பார். எனக்கு அவரிடம் பயம் இருந்தது, அதைவிட மலைப்பு அதிகம்.

என் சொந்த வண்டியைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் போக முடியாது. ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரியிடம் வாங்கிய இரட்டை சிலிண்டர் இங்கிலீஷ் பைக். உதைத்தால்தான் உயிர் வரும். சில காலை நேரம் உதைத்தாலும் வராது. நிறுத்திய இடத்தில் எல்லாம் எண்ணெய் சொட்டும், அதனால் மாதா கோயில் வாசலில் மட்டும் நிறுத்தக் கூடாது என்று பாதிரியாரே சொல்லிவிட்டார். அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டிகளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஜப்பான் வண்டிகளும் பின்னால் வந்த மற்ற எல்லா வண்டிகளும் இதற்கு நேர்மாறு. முன் பிரேக்கோ பெயருக்குத்தான் இருந்தது. நிறுத்த வேண்டுமென்றால் இடது காலை நம்பித்தான் ஆக வேண்டும். பகலெல்லாம் பட்டறையில் புதிய வண்டிகள், காலையும் மாலையும் என் வண்டி என்று பல வருஷம் ஓட்டினேன். கால் ஒரு தடவைகூடத் தடுமாறியதில்லை. எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் அதற்கேற்ற கால் தானாகப் போய்விடும்.

இதே வண்டி பினாங்கில் இன்னொருவரிடமும் இருந்தது. அவர்தான் கனகசபை சார். துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், வீடு கெலுகோரில். கேஸ்கட்டும் கார்புரேட்டர் ஊசியும் தேடி அலைந்த இடத்தில்தான் எங்களுக்குப் பழக்கம். உதிரிப் பாகம் யாருக்குக் கிடைத்தாலும் மற்றவருக்குச் சொல்லி அனுப்புவோம். வேலைக்குப் போய்வந்த காலத்திலிருந்து அவர் கப்சாய் என்கிற சின்ன பைக் ஒன்றும் வைத்திருந்தார். இங்கிலீஷ் வண்டி ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு காலை, எங்கள் கடைக்கு அந்தப் புதிய வண்டி வந்து இறங்கியது. மரப்பெட்டியை உடைத்ததும் பட்டறையே வேலையை நிறுத்தியது. கண்ணீர்த் துளி வடிவ டாங்கி, முழங்கால் படும் இடத்தில் ரப்பர், நீண்ட வெள்ளிக் குழாய்கள், தட்டையான சீட்டு. என் வண்டி இளமையாகித் திரும்பி வந்து நிற்கிறது என்றுதான் தோன்றியது. பக்கத்தில் என் வண்டியை நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்தோம். சீட்டு உயரம் ஒன்று, ஹேண்டில் அகலம் ஒன்று. கியரும் பிரேக்கும் மட்டும் இக்காலத்து வழக்கப்படி இடம் மாறியிருந்தன.

பட்டனை அழுத்தினேன். முதல் தொடுதலிலேயே உயிர் வந்தது. அந்தச் சத்தம்! என் வண்டியின் அதே தொண்டை, இருமல் மட்டும் இல்லை. கிரீன் லேனில் மூன்றாவது கியரில் முறுக்கியபோது எனக்கு மெய்சிலிர்த்தது. என் வண்டியில் அந்த வேகத்தில் கண்ணாடியில் தெரியும் உலகம் நடுங்கும், கைவிரல் மரத்துப் போகும். இதில் கண்ணாடியில் பின்னால் வந்த லாரி ஓட்டுநரின் மீசைகூடத் தெரிந்தது. முன் பிரேக்கை இரண்டு விரலால் தொட்டேன், யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து நிறுத்தியது மாதிரி நின்றது. மனிதர்கள் உட்கார்ந்து யோசித்து, பழைய வண்டியின் அழகையெல்லாம் வைத்துக்கொண்டு நோயை மட்டும் எடுத்துவிட்டார்களே என்று மலைத்துப் போனேன். திரும்பி வந்தபோது லெக் தம் சோதனையை முடித்துவிட்டு "ம், இப்ப சொல்லு" என்றார். நான் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னாடா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஃபோர்மேன், இது வண்டி இல்ல லா" என்றேன்.

அடுத்த வாரமே கனகசபை சார் அதை வாங்கிவிட்டார். பழையதையும் விடவில்லை, இரண்டும் அவர் வீட்டு முற்றத்தில் அண்ணன் தம்பிபோல் நின்றன.

அதிலிருந்துதான் தொல்லை. முதல் தடவை அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே, கால்வாயில் வண்டியோடு இறங்கிவிட்டார். பிரேக் பிடிக்கவில்லை என்றார். லெக் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தார், நான் கெலுகோர் வரை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். குறை ஒன்றுமில்லை. வண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு எங்கள் கடை வாசலிலிருந்து புறப்பட்டவர், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி மோதினார். ஒரு கார் பின்பக்கமாகச் சாலைக்கு வந்தது. இவர் வண்டி நிற்கவில்லை. இன்ஜின் மட்டும் காது கிழியக் கத்தியது. விளக்குக் கம்பத்தில் இடித்து விழுந்தார். கை எலும்பு தப்பியது கடவுள் செயல்.

தூக்கி உட்கார வைத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ராயப்பன், நான் மிதிச்சனான். நல்லா மிதிச்சனான். பிடிக்கேல்லை. வண்டி கத்துது, நிக்குதில்லை."

லெக் வழக்கம்போல் சாலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். என்னைத் தனியாக இழுத்துப் போய்ச் சொன்னார். "செவப்பு லைட்டு எரியலே, ராயப்பா. அவரு பிரேக்க மிதிக்கவே இல்ல."

"மிதிச்சேன்னு சொல்றாரே ஃபோர்மேன்?"

"அவரு பொய் சொல்ற ஆளு இல்ல. லைட்டும் பொய் சொல்லாது. பயத்துல காலு வெறைச்சிருக்கும். வயசாச்சு லா."

அன்று சாயங்காலம் அவர் மகள் மங்களா வந்தாள். பள்ளிக்கூட ஆசிரியை, தாய் இறந்த பிறகு அப்பாவைப் பார்த்துக்கொள்பவள். கோபமாக வரவில்லை, அழுத முகத்தோடு வந்தாள். "அண்ணே, நீங்க சொல்றத வச்சுத்தான் நான் முடிவு பண்ணப் போறேன். வண்டியில கொறைன்னா வண்டிய மாத்திக் குடுங்க. வண்டி நல்லா இருக்குன்னா, அப்பாதான் சரியில்ல. பழசு, புதுசு, கப்சாய் மூணையும் வித்துருவேன். இனி அவரு பைக்கத் தொடவே கூடாது. இன்னொரு தடவ விழுந்தா எனக்கு அப்பா இல்லண்ணே."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கனகசபை சாரிடமிருந்து வண்டியைப் பிடுங்கினால் மனிதர் சாய்வு நாற்காலியோடு முடிந்துவிடுவார் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லெக் தம் முடிவைச் சொல்லிவிட்டார். என் "சரி" மட்டும்தான் பாக்கி. அந்த இன்ஜின் ஏன் கத்தியது என்பதற்குப் பதில் இல்லாமல் எனக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. பயத்தில் கால் விறைத்தவனின் வண்டி ஏன் கத்த வேண்டும்? ஆக்ஸிலேட்டர் கேபிள் சிக்குகிறதா என்று லெக்கும் நானும் நூல் நூலாகப் பார்த்தோம். வெண்ணெய் மாதிரி ஓடியது.

மறுநாள் என் சொந்த வண்டியில் வேலைக்கு வந்தேன். அதற்கு முன் சில நாள் அது கார்புரேட்டர் கழற்றிய நிலையில் வீட்டில் கிடந்ததால் பஸ்ஸில்தான் வந்துகொண்டிருந்தேன். என் வண்டியிலிருந்து இறங்கிய சூட்டோடு கனகசபை சாரின் வண்டியில் ஏறிப் புறப்பட்டேன். அதே உயரம், அதே அகலம், முழங்காலில் அதே ரப்பர், காதில் அதே சத்தம். ஜெலுத்தோங் சந்தை தாண்டியதும், செண்டோல் என்ற குளிர்பானம் விற்கும் ஒருவர் இடதும் வலதும் பார்க்காமல் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்துவிட்டார்.

மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. இன்ஜின் கத்தியது. கனகசபை சார் சொன்னது அத்தனையும் சொன்னபடி நடந்தது. அடுத்த நொடியில் வலக்கை விரல்கள் முன் பிரேக்கை இறுக்கின. புதிய காலத்துப் பிரேக், அது பிழைக்க வைத்தது. முன் சக்கரம் செண்டோல் வண்டியை முத்தமிட்டு நின்றது. தேங்காய்ப்பால் என் சட்டையெல்லாம் தெறித்தது. செண்டோல்காரர் மலாயிலும் தமிழிலும் மாறி மாறித் திட்டினார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தேன்.

இடது கால் கியர் கம்பியின் மேல் அழுந்தி இருந்தது.

பிரேக் இருந்த பக்கம் வலது கால் சும்மா கிடந்தது. இடது கை கிளட்சை இறுக்கிப் பிடித்திருந்தது. பிரேக்கை மிதிக்கும்போது கிளட்சையும் பிடிப்பது வழக்கம்தானே. அதனால் இன்ஜினுக்குச் சுமை இல்லாமல் போய், முறுக்கியபடி இருந்த ஆக்ஸிலேட்டரில் அது கத்தியிருக்கிறது. புத்திக்குத் தெரியும் பிரேக் வலது பக்கம் என்று. பதறிய நேரத்தில் கால் புத்தியைக் கேட்கவில்லை. உட்கார்ந்த உயரத்தையும் சத்தத்தையும் வைத்து, இது நம்ம வண்டி என்று தானே முடிவு செய்துகொண்டுவிட்டது. கப்சாயில் உட்கார்ந்தால் ஏமாறாத கால், இந்த அழகில் ஏமாந்துவிட்டது. பயத்தில் நடுங்கியிருக்க வேண்டும், ஆனால் நான் வாயைப் பிளந்து என் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷம் என்னோடு இருந்தும், அது தனியாக யோசிக்கும் என்று எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து லெக்கிடம் சொன்னேன். அவர் இன்ஜினுக்குக் காது கொடுக்கவில்லை, சூடு பார்க்கவில்லை. வெகு நேரம் என் காலையே பார்த்தார். "அடப்பாவி" என்றார். யாரை என்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் என் கால் செய்தது என்பதற்காகக் கனகசபை சாரின் காலும் அதையே செய்தது என்று ஆகுமா? லெக் ஒரு வழி சொன்னார். அப்பாவையும் மகளையும் வரவழைத்தோம். அவர் வீட்டிலிருந்து மற்ற இரண்டு வண்டிகளையும் கொண்டுவந்தோம். மூன்றையும் பட்டறை முற்றத்தில், பின் சக்கரம் தரையில் படாதபடி ஸ்டாண்டில் நிறுத்தினோம். என்ன சோதிக்கிறோம் என்று அவரிடம் சொல்லவில்லை. மங்களாவிடம் மட்டும், நான் கண் காட்டும்போது கத்து என்று சொல்லி வைத்தேன்.

"சார், கப்சாயில ஏறுங்க. கண்ண மூடிக்கிட்டு, வீட்டுக்குப் போற மாதிரி நெனைச்சுக்குங்க" என்றார் லெக். இன்ஜின் ஓடியது. சார் கிரீன் லேனில் போய்க்கொண்டிருந்தார், முகத்திலேயே தெரிந்தது. நான் கண் காட்டினேன்.

"அப்பா! நிப்பாட்டுங்கோ!"

வலது கால் மிதித்தது. விளக்கு சிவப்பாக எரிந்தது. அடுத்து அவருடைய பழைய இங்கிலீஷ் வண்டி. மங்களா கத்தினாள், இடது கால் மிதித்தது, விளக்கு மங்கலாக எரிந்தது. மூன்றாவதாகப் புதியது. அவர் உட்கார்ந்து, டாங்கியை முழங்காலால் அணைத்து, கண்ணை மூடினார். நியூட்ரலில் இன்ஜின் அந்த அழகான சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை மங்களாவின் குரல் உடைந்துவிட்டது.

"அப்பா!"

இடது கால் இறங்கியது. டக்கென்று கியர் விழுந்தது. கை கிளட்சை விட்டதும், நிற்க வேண்டிய பின் சக்கரம் காற்றில் விர்ரென்று சுழலத் தொடங்கியது.

அவர் கண்ணைத் திறந்து, முதலில் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தார், பிறகு காலைப் பார்த்தார். லெக் எட்டிச் சாவியைத் திருகி நிறுத்தினார்.

"ஓ" என்றார் கனகசபை சார் மெதுவாக. "அப்ப நான் மிதிச்சனான்தான்."

"ஓம் அப்பா, மிதிச்சீங்கள்" என்று மங்களா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வயதும் இல்லை, பயமும் இல்லை, வண்டியிலும் குறை இல்லை. என் கண்ணும் கலங்கியது. அப்படி ஒரு காட்சியை என் தொழிலில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மங்களா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அப்ப பழசக் குடுத்துட்டு, இந்தப் புதுசையே வச்சுக்கட்டும். இதுலதான் பிரேக் நல்லா இருக்கு, இல்லயா அண்ணே?"

லெக் தலையாட்டினார். "பிரேக்கு நல்ல பிரேக்குதான்மா. ஆனா காலு புதுசாப் படிக்கணும். படிச்சு முடிக்கிற வரைக்கும் நடுவுல எத்தன காரு குறுக்க வரும்னு யாருக்குத் தெரியும்? பழசுல அவரு காலு தப்பு பண்ணாது. ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாது. அவ்வளவுதான்." விற்ற புதிய வண்டியைக் கடையே திரும்ப எடுக்க வேண்டியதாகி, ஒரு வியாபாரமே அந்த வாயால் கெட்டது. முதலாளியிடம் அதற்கு லெக் என்ன பதில் சொன்னார் என்று யாருக்கும் தெரியாது.

கனகசபை சார் புதிய வண்டியின் டாங்கியை ஒரு தடவை தடவினார். "வடிவான சாமான். ஆனா என்னை ஏமாத்திப் போட்டுது" என்றார். பழையதை உதைத்து உயிர் வரவைத்து, மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். லெக் வழக்கம்போல் சாலையோரம் நின்றார். சந்திப்பில் மங்கலான சிவப்பு எரிந்தது.

உள்ளே திரும்பிய லெக் என்னைப் பார்த்தார். "ராயப்பா, ஒன் காலும் அதே காலுதானே" என்றார்.

அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியதில்லை. பழைய தோற்றத்தில் புதிய வண்டிகள் இனிமேல் நிறைய வரும், அவற்றை ஓட்டிப் பார்ப்பவன் நான். அடுத்த தடவை செண்டோல்காரர் இருக்கும் இடத்தில் ஒரு பள்ளிப் பிள்ளை இருக்கலாம். கனகசபை சார் புதியதை விட்டார். நான் விடக் கூடியது பழையது மட்டும்தான். இரண்டு மூன்று நாள் என் வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். பிறகு ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், அதைக் கெலுகோருக்கு ஓட்டிப் போனேன். அவர் வண்டிக்குப் பாகங்கள் கிடைப்பது அரிதாகி வந்தது. என்னுடையதையும் சேர்த்தால் அவர் ஆயுசுக்கும் ஓடும்.

சத்தம் கேட்டே வாசலுக்கு வந்துவிட்டார். சாவியை நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை.

"வடிவா யோசிச்சீரோ?"

"யோசிச்சு முடிக்கத்தான் சார் இத்தன நாளாச்சு."

வாங்கிக்கொண்டார். காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தால் உட்கார்ந்துவிடுவேன் என்று தோன்றியதால், இன்னொரு நாள் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஜெலுத்தோங் சாலையில் ஒரு கார் குறுக்கே வர, ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டார். எல்லோரும் கம்பியைப் பிடித்தார்கள். பக்கத்தில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த அக்கா என் காலடியைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்ணே, பஸ்ஸ நீங்களா ஓட்டுறீங்க?"

என் இடது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. பஸ் மறுபடி நகர்ந்த பிறகும் அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.